சூரியப் பாயைத் தள்ளுவது ஒளிதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்கலத்தை நகர்த்த விரிக்கப்படும் மெல்லிய, பளபளப்பான விரிப்பே சூரியப் பாய். அதைச் சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து பாயும் மின்துகள்கள், தள்ளுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். தள்ளுவது ஒளி. பூமிக்கு அருகே, ஒளியை நன்கு திருப்பியனுப்பும் ஒரு சதுர மீட்டர் பாய்க்குக் கிடைக்கும் விசை ஏறத்தாழ 9 மைக்ரோநியூட்டன்தான். 2019இல் ஏவப்பட்ட லைட்செயில் 2 என்ற சிறு விண்கலம், சுமார் 5 கிலோ எடைக்கு 32 சதுர மீட்டர் பாய் விரித்தது. நாள் முழுதும் நேர் வெயில் பட்டால் வேகம் மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் கூடும், எரிபொருளே இல்லாமல்! ஜப்பானின் இக்காரஸ் விண்கலம் (2010) பாயிலேயே மெல்லிய மின்கலங்களை ஒட்டி மின்சாரமும் எடுத்தது.

சிக்கல் பெரும்பாலும் விரிப்பதில்தான். 2024இல் நாசாவின் ஏசிஎஸ்3 என்ற சோதனை விண்கலம் பாயை விரித்தபின் தாங்குகோல் ஒன்று வளைந்திருந்தது.

நம் மாணவர்கள் கவனிக்க வேண்டியது உயரம். சிங்கப்பூரின் டெலியோஸ்-1 செயற்கைக்கோள் சுற்றிய 550 கிலோமீட்டர் உயரத்தில், எஞ்சியிருக்கும் காற்றின் இழுவை ஒளியின் தள்ளுதலை வென்றுவிடும். உந்துதலுக்கு இன்னும் மேலே போக வேண்டும். ஆனால் பாயை விரித்தால் அதே இழுவை, ஆயுள் முடிந்த செயற்கைக்கோளை விரைவில் இறக்கி எரித்துவிடும். அதற்காகவாவது நம் பல்கலைக்கழகங்களின் சிறு செயற்கைக்கோள்களில் பாய் ஒன்றை மடித்து வைக்கலாம். மடிப்பில் சிக்கிய காற்று மேலே போகும்போது உப்பிப் பாயைக் கிழிக்காதபடி, அது வெளியேற வழி விட வேண்டும்.

விண்பொறியியல் வாசகர்,
ஈசூன்