கண்ணாடியைக் கழற்றினால் படிக்க முடிகிற கண்கள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கண்ணாடி போட்டால் கைப்பேசி எழுத்து தெரியவில்லை, கழற்றினால் எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை, நாள் முழுவதும் மாட்டுவதும் கழற்றுவதுமாகச் சலித்துவிட்டது, லேசர் சிகிச்சை செய்துகொண்டு இரண்டு தொல்லையையும் ஒரேயடியாக முடித்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். உன்னைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் கண் மருத்துவமனையின் பார்வைப் பரிசோதனை அறையில் இருந்தவள் என்ற முறையில், எதைக் கொடுத்து எதைப் பெறப் போகிறாய் என்பது கையெழுத்துப் போடும் முன் உனக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதி நழுவிப் போகும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் உன் கண்ணில் நடப்பது என்ன என்று பார்ப்போம். கண்ணின் பாப்பாவுக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் இளமையில் மென்மையாக இருக்கும். அதைச் சுற்றியுள்ள தசை வளையம் சுருங்கும்போது லென்ஸைப் பிடித்திருக்கும் நுண்ணிழைகள் தளர்ந்து, லென்ஸ் தானாகவே சற்றுக் குண்டாகி, அருகில் உள்ளதைக் குவித்துக் காட்டும். இதை ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855-இலேயே விளக்கிவிட்டார். பத்து வயதுப் பிள்ளையின் லென்ஸ் பத்து டயாப்டருக்கு மேல் இப்படிக் கூட்டிக்கொள்ளும் (டயாப்டர் என்பது லென்ஸின் பவரை அளக்கும் அலகு). வயது ஏற ஏற லென்ஸ் இறுகிக்கொண்டே போவதால் அந்தத் திறன் நாற்பத்தைந்து வயதில் மூன்று, நான்கு டயாப்டராகக் குறைந்து, அறுபதை நெருங்கும்போது அனேகமாக ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். இது நோய் இல்லை. உயிரோடிருந்து வயதாகும் எல்லோருக்கும் வரும், உனக்கும் வந்திருக்கிறது.

லேசர் சிகிச்சையோ இந்த லென்ஸைத் தொடுவதே இல்லை. அது செதுக்குவது கண்ணின் முன்புறத்தில் இருக்கும் கார்னியா என்ற தெளிந்த படலத்தை. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசர், பக்கத்துத் திசுவைக் கருக்காமல் தான் படுகிற இடத்தை மட்டும் நுண்ணளவில் நீக்குகிறது என்பதை 1981-இல் ஐபிஎம் கணினி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ரங்கசாமி ஸ்ரீனிவாசனும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அவர் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. பிறகு கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலுடன் சேர்ந்து அதைக் கார்னியாவில் பயன்படுத்தலாம் என்று 1983-இல் எழுதினார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய லேசிக். கிட்டப்பார்வைக்கு அது மிக நல்ல சிகிச்சை. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கோளாறு இருப்பது லென்ஸில், கத்தி வைப்பது கார்னியாவில் என்பதால், வெள்ளெழுத்தைப் பொறுத்தவரை எந்த லேசர் முறையும் இழந்த திறனை மீட்டுத் தருவதில்லை. ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றைப் பெறும் ஏற்பாடாகத்தான் அது அமைகிறது.

உன் கணக்குக்கு வருகிறேன். உன் கிட்டப்பார்வையின் பவர் இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய மைனஸ் 2.50. அப்படியென்றால் கண்ணாடி இல்லாமல் உன் கண் எந்த முயற்சியும் இல்லாமல் தெளிவாகப் பார்க்கும் தூரம் நாற்பது சென்டிமீட்டர். புத்தகத்தை நாம் கையில் பிடிக்கும் தூரம் அதுதான். உன் வயதில் உள்ள மற்றவர்கள் ரசீதைக் கை நீட்டி, தலையைப் பின்னுக்குத் தள்ளி, வெளிச்சத்தைத் தேடிப் படிக்கிறார்கள். நீ கண்ணாடியைக் கழற்றினால் போதும், மருந்துப் பட்டையின் பொடி எழுத்தைக்கூடப் படித்துவிடுகிறாய். எழுபது வயதிலும், புரை விழாமல் இருந்தால், அப்படியே படிப்பாய். இரண்டு கண்ணையும் தூரத்துக்கு முழுமையாகச் சரிசெய்துகொண்டால் இந்த வசதி அன்றோடு போய்விடும். மறுநாள் காலை தூரத்துப் பெயர்ப் பலகை பளிச்சென்று தெரியும், கையில் இருக்கும் கைப்பேசி மங்கலாகத் தெரியும். அதற்குப் படிக்கும் கண்ணாடி வேண்டும். வயதாக ஆக அதன் பவரும் கூடி, பிளஸ் 2.50 வரை போகும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேறோர் இடத்தில் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், உன் வயதுதான் இருக்கும், ஒருமுறை என் முன்னால் வந்து உட்கார்ந்தார். தூரத்து அட்டையில் கடைசி வரி வரை தடையில்லாமல் படித்தார். அருகில் படிக்கும் அட்டையைக் கொடுத்தேன். முகத்துக்கு அருகில் கொண்டுபோனார், விலக்கினார், மறுபடியும் அருகில் கொண்டுபோனார், பிறகு அட்டையை மடியில் வைத்துவிட்டு, "அறுவைக்கு முன்னால் இதையெல்லாம் கண்ணாடி இல்லாமல் படித்துக்கொண்டிருந்தேன், அம்மா" என்றார். அவருக்குச் செய்த சிகிச்சையில் ஒரு பிழையும் இல்லை; அளவெல்லாம் மிகச் சரியாக இருந்தது. இப்படி ஆகும் என்று அவருக்குப் புரியும்படி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவருடைய முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதற்கு மாற்றாக மருத்துவர்கள் அதிகம் செய்வது மோனோவிஷன் என்ற ஏற்பாடு. ஒரு கண்ணைத் தூரத்துக்கு முழுமையாகத் திருத்திவிட்டு, மற்றக் கண்ணில் கொஞ்சம் மைனஸை வேண்டுமென்றே மிச்சம் வைப்பார்கள். இரண்டு கண்களிலிருந்தும் வருகிற படங்களில் அந்தந்த வேளைக்குத் தெளிவாக இருப்பதை மூளை எடுத்துக்கொள்ளும். உனக்கானால் ஒரு கண்ணில் மைனஸ் 1.50 அளவுக்கு விட்டுவைக்கலாம். அந்தக் கண்ணுக்கு ஏறக்குறைய அறுபத்தேழு சென்டிமீட்டர் தூரம், அதாவது கணினித் திரை, சிரமமில்லாமல் தெரியும். உன் லென்ஸில் இன்னும் மிச்சமிருக்கும் திறனைக் கொண்டு கைப்பேசியையும் படித்துவிடலாம். ஆனால் அந்த மிச்சம் ஆண்டுக்காண்டு குறையும் என்பதை மறந்துவிடாதே. ஐம்பத்தைந்து, அறுபதில் பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேடத்தான் செய்வாய். வாழ்நாள் முழுவதும் கண்ணாடியே வேண்டாம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடு.

இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை எல்லோருடைய மூளையும் ஏற்பதில்லை. சிலர் ஒரு வாரத்தில் மறந்தே போகிறார்கள். சிலருக்கு ஒரு கண்ணை யாரோ கையால் மறைப்பது போன்ற எரிச்சல் தீருவதே இல்லை. ஆழத்தை நுணுக்கமாக அறியும் திறன் சற்றுக் குறையும். படியிறங்கும்போதும் இரவில் வண்டி ஓட்டும்போதும் அது தெரியும். ஆகவே லேசருக்கு முன்னால் அதே ஏற்பாட்டைக் காண்டாக்ட் லென்ஸில் போட்டுக் காட்டும்படி கேள். ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது போதாது. சில வாரங்கள் போட்டுக்கொண்டு அலுவலகம் போ, மழை இரவில் வண்டி ஓட்டு, படுக்கையில் சாய்ந்து படித்துப் பார். பிடிக்கவில்லை என்றால் கழற்றி வைத்துவிடலாம். லேசர் நீக்கிய திசுவைத் திரும்ப ஒட்ட முடியாது.

எந்தக் கண்ணைத் தூரத்துக்கு வைப்பது என்பதற்கு ஒரு சிறு சோதனை உண்டு, வீட்டிலேயே செய்துபார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, கட்டைவிரல்களுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் சிறிய முக்கோண இடைவெளி வருமாறு சேர்த்து வைத்து, அதன் வழியாகச் சுவரில் உள்ள கடிகாரத்தை இரண்டு கண்ணாலும் பார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடு. எந்தக் கண்ணை மூடும்போது கடிகாரம் இடைவெளியிலிருந்து விலகிப் போகிறதோ அதுதான் உன் ஆதிக்கக் கண். பெரும்பாலும் அதைத்தான் தூரத்துக்கு வைப்பார்கள்.

ஒரே கார்னியாவில் நடுப்பகுதியை ஒரு தூரத்துக்கும் ஓரத்தை இன்னொரு தூரத்துக்கும் செதுக்குகிற பிரெஸ்பிலேசிக் என்ற முறையும் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் பாப்பா சுருங்கும்போது நடுப்பகுதியும், இருட்டில் விரியும்போது ஓரமும் வேலை செய்யும் என்பது அதன் அடிப்படை. அதற்கு விலையாக எழுத்தின் கருமை சற்று வெளிறித் தெரியலாம். இரவில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். தினமும் இருட்டிய பிறகு வண்டி ஓட்டி வீடு திரும்புகிற உனக்கு இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. கார்னியாவுக்குள் சிறு வில்லையைப் பதிக்கும் முறைகளைப் பற்றியும் யாராவது சொல்லக்கூடும். அவற்றில் ரெயின்ட்ராப் என்பது 2016-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்று, கார்னியா மங்கலாகும் அபாயத்தால் 2018-இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பக்கம் போகவேண்டாம்.

இனி நீ மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று. உன் மாமாவுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, கூம்பு வடிவக் கார்னியா இருந்தது. இது குடும்பத்தில் தொடரக்கூடியது. நீயும் சிறுவயதிலிருந்தே தூக்கக் கலக்கத்தில் இரண்டு கண்ணையும் கைமுட்டியால் அழுத்தித் தேய்ப்பவன். எத்தனை முறை கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். கூம்பு வடிவம் லேசாகத் தொடங்கியிருக்கும் கண்ணில் லேசர் செய்தால் கார்னியா மேலும் பலவீனப்பட்டு முன்னே புடைக்கும். அதைச் சரிசெய்வது மிகவும் கடினம். ஆகவே கார்னியாவின் முன்புறம், பின்புறம் இரண்டையும் வரைபடமாக எடுக்கச் சொல், குடும்ப வரலாற்றைக் கேட்காவிட்டாலும் நீயே சொல். அந்தச் சோதனைக்குப் போகும் முன், மென்மையான காண்டாக்ட் லென்ஸானால் இரண்டு வாரமாவது போடாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு பொய் சொல்லும்.

கார்னியாவின் தடிமன் உனக்குத் தடையாக இராது என்றே நினைக்கிறேன். அதன் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). லேசிக்கில் கார்னியாவின் மேற்பரப்பை வெட்டித் திறக்கும் மடலுக்கு 110 மைக்ரான் அளவும், ஒரு டயாப்டருக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து மைக்ரான் வீதம் உனக்கு நாற்பதுக்குள்ளும் போனால், அடியில் ஏறக்குறைய 390 மைக்ரான் மிஞ்சும். குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது நெடுநாளைய விதி. 300-க்குக் கீழே போக விரும்பாத மருத்துவர்களும் உண்டு. கேட்டுக் குறித்துக்கொள்.

கண் வறட்சியை மட்டும் சாதாரணமாக நினைக்காதே. மடல் திறக்கும்போது கார்னியாவின் நுண்நரம்புகள் அறுபடுவதால் கண்ணீர் சுரப்பது குறைந்து, பல மாதங்களுக்கு எரிச்சலும், அவ்வப்போது மங்கலும் இருக்கும். திரையைப் பார்க்கும்போது இமைப்பதே குறைவு. மாலையானால் கண் மணல் போட்டதுபோல் உறுத்துகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆகவே வறட்சியை முதலில் அளந்து, இருந்தால் அதற்கு மருந்து எடுத்துத் தணித்த பிறகே லேசர்.

இன்னொன்றும் உண்டு. லென்ஸையே எடுத்துவிட்டுப் பல தூரம் காட்டும் செயற்கை லென்ஸ் வைக்கும் சிகிச்சையை உனக்குப் பரிந்துரைத்தால், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடு. மிச்சமிருக்கும் குவிக்கும் திறனை அது முழுவதுமாக எடுத்துவிடும். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு, இளம் வயதில் லென்ஸை எடுத்தால், விழித்திரை விலகும் அபாயமும் கூடுதல். ஒருநாள் புரை விழுந்தால் எப்படியும் லென்ஸ் மாற்றத்தானே போகிறார்கள். அந்த நாளுக்காகத்தான் லேசருக்கு முன் எடுத்த கார்னியா அளவுகள், பவர், செதுக்கிய அளவு எல்லாவற்றையும் அச்செடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். லேசர் செய்த கண்ணுக்குள் எந்தப் பவர் லென்ஸ் வைப்பது என்று கணக்கிடுவது எளிதல்ல. பழைய அளவுகள் கையில் இருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. கோப்பைத் தொலைத்துவிட்டுக் கைபிசைந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் கருத்து என்ன என்று கேட்பாய். முதலில், மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்குமாகப் பவர் படிப்படியாக மாறுகிற நல்ல புரோகிரசிவ் கண்ணாடி ஒன்று, முக அளவைச் சரியாக எடுத்துச் செய்து, பழகிப் பார். அதுவும் ஒத்துவராவிட்டால், காண்டாக்ட் லென்ஸ் சோதனையில் உனக்கு நிம்மதியாக இருந்தால், கார்னியாவின் வடிவம் ஒழுங்காக இருந்தால், மைனஸ் 1.50 மிச்சம் வைக்கும் மோனோவிஷனைச் செய்துகொள். நான் மனமார ஒப்புக்கொள்வேன். இரண்டு கண்ணையும் தூரத்துக்கே முழுமையாகத் திருத்துவதற்கு மட்டும் சம்மதிக்காதே. எல்லாவற்றையும் கேட்டறிந்த பிறகும் தூரப் பார்வைதான் முக்கியம், படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன் என்று நீ முடிவு செய்தால் அது உன் கண், உன் முடிவு. நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

முக்கோணச் சோதனையில் எந்தக் கண் என்று பார்த்து எழுது. பள்ளி நாளிலிருந்து உனக்கு எழுதிய கண்ணாடிச் சீட்டுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. பவர் எப்போது நிலைத்தது என்று மருத்துவர் கேட்பார் என்பதால் அவற்றைப் படமெடுத்து அனுப்புகிறேன். சிகிச்சைக்கு நாள் குறித்தால் ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவிடு. முதல் சில நாட்கள் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடவும், தூக்கத்தில் நீ கண்ணைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளவும் நானே வந்து உடன் இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா