செயலாளரின் ஆண்டறிக்கை: ‘பைரோமேனியா’ கேட்ட ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு தீர்மானித்தபடி, இந்த ஆண்டு முழுவதும் ஒரே இசைத்தட்டைத்தான் கேட்டோம்: டெஃப் லெப்பர்ட் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் ‘பைரோமேனியா’, 1983 ஜனவரி வெளியீடு. மாதம் ஒரு பாட்டு என்பது ஏற்பாடு. பாட்டுகள் பத்து, மாதங்கள் பன்னிரண்டு என்பதைத் தீர்மானம் கொண்டுவந்தவரும் கவனிக்கவில்லை, வழிமொழிந்த நானும் கவனிக்கவில்லை. மிஞ்சிய இரண்டு கூட்டங்களும் வாக்குவாதத்தில் கழிந்தன.

முதல் கூட்டத்தில் குழுவின் பூர்வீகம் பேசப்பட்டது. குழு பிறந்த ஷெஃபீல்டு, இங்கிலாந்தின் எஃகு நகரம். கத்திக்கும் கரண்டிக்கும் பெயர் போன ஊர். 1977இல் கிட்டார் கலைஞர் பீட் வில்லிஸும் பேஸ் கலைஞர் ரிக் சேவேஜும் வைத்திருந்த குழுவில் ஜோ எலியட் பாடகராகச் சேர்ந்தார். குழுவின் பெயரும் அவர் யோசனையில் பிறந்ததே. ஒத்திகை நடந்தது பழைய கரண்டித் தொழிற்சாலை ஒன்றில். மறு ஆண்டு இன்னொரு கிட்டாருடன் ஸ்டீவ் கிளார்க் வந்தார். டிரம்ஸ் வாசிக்க வந்த ரிக் ஆலனுக்கு அப்போது வயது 15.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது டிரம்ஸ் விவகாரம். தயாரிப்பாளர் மட் லாங்கே இந்த இசைத்தட்டில் டிரம்ஸ் ஒலியை ஃபேர்லைட் என்ற கணினிக் கருவியில் அடி அடியாகக் கோத்தார். ஆலன் கையால் வாசித்தவை சிம்பல்கள் எனப்படும் உலோகத் தட்டுகள். இதைச் சொன்னதும், நம் உறுப்பினர்களில் தவில் வாசிப்பவர் எழுந்து, “அப்படியென்றால் அட்டையில் அந்தப் பையன் பெயர் எதற்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 1984 டிசம்பர் 31 அன்று நடந்த கார் விபத்தில் ஆலன் இடது கையை இழந்தார். அதன்பின் இடது காலுக்கு மிதிகள் பொருத்திய மின்னணு டிரம்ஸில் பழகி 1986இல் மேடைக்குத் திரும்பினார். இயந்திரத்துக்கு இடம் விட்டவரே பிறகு இயந்திரத்தைத் தன் கையாக்கிக்கொண்டார் என்று துணைத் தலைவர் சொன்னார். தவில்காரர் பதில் பேசவில்லை. ஒப்புக்கொண்டார் என்று குறிப்பேட்டில் எழுத எனக்குத் துணிவில்லை.

அடுத்தது வில்லிஸ். குடிப்பழக்கத்தின் காரணமாக 1982 ஜூலையில், பதிவு பாதியில் இருக்கும்போதே, தான் தொடங்கிய குழுவிலிருந்து அவர் விலக்கப்பட்டார். ‘கேர்ள்’ குழுவிலிருந்து வந்த ஃபில் காலன் சோலோக்கள், அதாவது கிட்டார் தனி வாசிப்புகள், சிலவற்றை வாசித்தார். ஆனால் அடியில் ஓடும் ரிதம் கிட்டாரில் வில்லிஸ் வாசித்தது அப்படியே இருக்கிறது. ‘ஃபோட்டோகிராஃப்’ பாட்டை எழுதியவர்கள் பட்டியலிலும் அவர் பெயர் உண்டு. எம்டிவி என்ற அமெரிக்க இசைத் தொலைக்காட்சி அந்தப் பாட்டின் காணொளியை ஓயாமல் ஒளிபரப்ப, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இசைத்தட்டு இரண்டாம் இடம் வரை ஏறியது. முதல் இடத்தில் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ உட்கார்ந்திருந்தது. அதை யாராலும் நகர்த்த முடியாத காலம் அது. சொந்த நாட்டில் 18ஆம் இடம்தான். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கான வைரச் சான்றிதழ் பிற்பாடு கிடைத்தது. 2019இல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் குழுவைச் சேர்த்துக்கொண்டபோது, 1991இல் இறந்துபோன கிளார்க்கின் பெயரோடு வில்லிஸின் பெயரும் பட்டியலில் இருந்தது.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. நம் இணைச் செயலாளர் ஆகஸ்டில் மனத்தாங்கலுடன் விலகினார். அவர் பெயர் அறிக்கையில் வேண்டாம் என்று செயற்குழுவில் இருவர் கூறினர். முதல் ஐந்து கூட்டங்களின் குறிப்புகள் அவர் கையெழுத்தில்தான் உள்ளன. மேலே எழுதியதில் பாதி அவற்றைப் பார்த்து எழுதியது. பொறுப்பாளர்கள் பட்டியலில் அவர் பெயரை அப்படியே விட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் இன்றே எழுப்பலாம்.

இந்த இசைத்தட்டில் கீபோர்டு வாசித்த தாமஸ் டால்பி புனைபெயரில் ஒளிந்துகொண்டதைப் பற்றியும் பேச நினைத்தோம். மின்வெட்டில் அந்தக் கூட்டம் நின்றுபோனது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இசைத்தட்டுக் கருவிக்கு ஊசி மாற்றியதே இந்த ஆண்டின் பெரிய செலவு. கூட்டங்களுக்குத் தன் வீட்டு மாடியைத் தந்த தலைவருக்கும், சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட கீழ்வீட்டாருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு அதே குழுவின் 1987 வெளியீடான ‘ஹிஸ்டீரியா’வை முன்மொழிகிறேன். எண்ணிப் பார்த்துவிட்டேன்; பாட்டுகள் பன்னிரண்டு.

இப்படிக்கு,
செயலாளர்