சப்பாத்து அனுப்புவதென்றால்

அன்புள்ள மச்சான்,

செய்தி கிடைத்தது. அம்மா நன்றாக இருக்கிறார். கண் ஒப்பரேசனுக்குப் பிறகு ஹட்டன் டவுனில் பஸ் போர்டைத் தூரத்திலிருந்தே வாசித்துவிடுகிறார், அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிகிறார். வெசாக்கோடு சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் முடிந்தது, கையோடு மழை பிடித்துக்கொண்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கனடாவிலிருந்து நீங்கள் எல்லாம் சேர்ந்து நம் பாடசாலை கூடைப்பந்து டீமுக்குச் சப்பாத்து அனுப்பப் போவது பெரிய சந்தோசம். ஆனால் 'ஹை கட் ஜோர்டான்தான் வாங்கணும், அதுதான் கணுக்காலைக் காப்பாற்றும்' என்று, கணுக்காலை மூடுகிற அந்த உயரமான நைக்கி சப்பாத்துக்காக, நம்மாள் ஒருவன் நிற்பதாக எழுதியிருந்தாயே, அவனிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல். அமெரிக்காவில் ஒக்லஹோமாவில் அறுநூறுக்கு மேற்பட்ட கல்லூரி ஆட்டக்காரர்களைப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஹை கட், இன்னொரு பகுதிக்குக் கணுக்காலுக்குக் கீழேயே நிற்கிற லோ கட் கொடுத்து ஒரு சீசன் முழுக்கப் பார்த்து 1993-இல் எழுதியிருக்கிறார்கள், கால் புரள்வதில் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து ஆட்டக்காரர் கோபி பிரையன்ட், கால்பந்துக்காரர்கள் போடுகிற மாதிரி தாழ்ந்த சப்பாத்துதான் வேண்டும் என்று நைக்கியிடம் கேட்டு வாங்கி விளையாடியவர். இன்றைக்கு அவர் ஆடிய என்பிஏ லீக்கில் பார், பாதிப் பேர் காலில் லோ கட்தான்.

கால் புரள்வதற்குப் பெரிய காரணம் ஏற்கனவே ஒரு தரம் புரண்டிருப்பதுதான். ஆஸ்திரேலியாவில் பார்த்த ஓர் ஆய்வில் அப்படிப்பட்டவர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அதே ஆய்வில் குதிகாலில் காற்றுப் பை வைத்த சப்பாத்துக்காரர்களுக்கு நாலு மடங்குக்கு மேல் என்றும் வந்தது. குற்றம் அந்தக் காற்றுப் பையுடையதுதானா என்பது வேறு கேள்வி, ஆனாலும் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க எனக்கு மனசில்லை. அந்தக் காசுக்கு லேஸ் கட்டுகிற கணுக்கால் பிரேஸ் சிலது வாங்கு. அமெரிக்காவில் விஸ்கான்சின் பாடசாலைக் கூடைப்பந்துப் பிள்ளைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், பிரேஸ் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் மற்றவர்களைவிட மூன்றில் ஒன்றுதான். அதையும் மீறிப் புரண்டால் வலி அதே வலிதான், அதற்குப் பிரேஸ் ஒன்றும் செய்யாது. நம் டீமில் ஏற்கனவே புரண்ட கால்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கு முதலில் கொடுப்பேன்.

பாரம் குறைந்த சப்பாத்து என்றால் உயரக் குதிக்கலாம் என்ற கதையை உங்க கனடாவிலேயே, கால்கரியில், சோதித்திருக்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரியான சப்பாத்துகள், பாரம் மட்டும் வேறு வேறு. எது பாரம், எது லேசு என்று தெரிந்து போட்டவர்கள் லேசானதில் நூற்றுக்கு இரண்டு வீதம் அளவுக்குக் கூடுதலாகக் குதித்தார்கள். தெரியாமல் போட்டவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை! ஆகவே பிள்ளைகளிடம் 'இது கனடாவிலிருந்து வந்த, ஆகப் பாரம் குறைந்த சப்பாத்து' என்று நான் சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தை அவர்கள் மனசு பார்த்துக்கொள்ளும்.

ஆட்டத்தை உண்மையில் மாற்றுவது பிடிமானம். வலைப்பந்திலிருந்து நம்மிடம் வந்த பெண் பிள்ளைகள் பந்து கைக்கு வந்ததும் அப்படியே நிற்பார்கள், அந்த ஆட்டத்தின் சட்டமே அப்படி, அந்தப் பழக்கம் இங்கே பெரிய சொத்து. ஆனால் அடிப்பாகம் வழுக்கினால் அதே பிள்ளை நிற்கிற இடத்தில் சறுக்குகிறாள், இரண்டு தரம் சறுக்கினால் மூன்றாம் தரம் பயந்து பயந்துதான் ஓடுவாள், பிறகு எந்தப் பயிற்சியும் பிரயோசனமில்லை.

நம் கோர்ட்டை நீ மறந்திருக்க மாட்டாய். அதே கொங்கிரீட்தான், மலைப்பக்கத்து ஓரத்தில் பாசி, நடுவில் மணல் கிளம்பிய சொரசொரப்பு. அமெரிக்காவில் மரத்தரைக்கென்று செய்கிற மெல்லிய ரப்பரை இது தேங்காய் துருவுகிற மாதிரி துருவிவிடும், ஒரு தவணை முடிவதற்குள் பெருவிரலுக்குக் கீழே வரி எல்லாம் அழிந்து வழவழவென்று ஆகிவிடும். ஆகவே கடையில் சப்பாத்தைத் திருப்பி அடியைப் பார். நெளிநெளியாக, ஆழமாக வெட்டிய வரி இருக்க வேண்டும், ரப்பர் நகத்தால் அழுத்தினால் லேசில் பள்ளம் விழாததாக இருக்க வேண்டும். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ரப்பர் வேண்டவே வேண்டாம், தூசி பட்டால் அது பிடிக்காது. நைக்கியில் வெளிக் கோர்ட்டுக்கென்று எக்ஸ்டிஆர் என்று அடியிலேயே எழுதிய சப்பாத்துகள் உண்டு, போன வருசத்து மொடல் என்றால் விலையும் இறங்கியிருக்கும். கலரைப் பற்றி யோசிக்காதே, இங்கே ஒரு கிழமையில் எல்லாம் ஒரே கலர்.

அளவு விசயத்தில் மட்டும் அவசரப்படாதே. செருப்போடும் வெறுங்காலோடும் தோட்டத்து ஏற்ற இறக்கத்தில் நடந்து வளர்ந்த கால்கள், முன்பக்கம் அகலம். ஒடுங்கிய சப்பாத்தில் சுண்டுவிரல் நசுங்குகிறது என்று ஒரு நம்பர் பெரிதாக வாங்கினால் உள்ளே குதிகால் ஆடும், கொப்புளம் வரும், திரும்பும்போது கால் சப்பாத்துக்குள்ளேயே வழுக்கும். அதனால் அகலமான சைஸ் இருக்கிற மொடலாகத் தேடு. பயிற்சி முடிந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற பின்னேரத்தில், காலுக்கு மேசு போட்டு நிற்கவைத்து, பழைய பேப்பரில் ஒவ்வொரு பிள்ளையின் காலையும் வரைந்து சென்டிமீட்டரில் நீளமும் அகலமும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க நம்பர் ஒன்று, இங்கிலாந்து நம்பர் இன்னொன்று, பெண்களுக்கு வேறு, அந்தக் குழப்பத்துக்குள் போகாமல் பெட்டியில் போட்டிருக்கிற சென்டிமீட்டரைப் பார்த்து எடு.

இன்னொன்று, இது உன்னால் தீர்க்க முடியாத பிரச்சினை. மழையில் நனைந்த சப்பாத்தை தோட்டத்து லயத்து வீட்டில் அடுப்போரம் வைத்துக் காயவைப்பார்கள், நம் காலத்திலும் அதுதானே. சூட்டில் பசை இளகி, அடுத்த மெட்சில் அடிப்பாகம் முன்னால் வாயைத் திறந்துவிடும். பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, காற்றுப்படும் இடத்தில் வை என்று எத்தனை தரம் சொன்னாலும் நாளைக் காலையில் ஸ்கூலுக்குப் போட அதே ஒரு சோடிதான் என்றால் அந்தத் தாய் வேறு என்ன செய்வாள்? ஆகவே ஐயாயிரம் ரூபாய்க்குள் சாதாரண ஸ்கூல் சப்பாத்து இங்கேயே வாங்கிக் கொடுக்க முடியுமா என்று நான் பார்க்கிறேன், உங்கள் சப்பாத்து கோர்ட்டுக்கு மட்டும், பயிற்சி முடிந்ததும் விளையாட்டு அறையில் பூட்டிவிடுவேன்.

அளவுகளை வெள்ளிக்கிழமைக்குள் வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். யாராவது ஊருக்கு வருகிறார்கள் என்றால் பெட்டிகளைப் பிரித்துச் சப்பாத்தை மட்டும் சூட்கேசில் போட்டு விடச் சொல், பார்சலில் வந்தால் கஸ்டம்ஸில் அலைய வேண்டும். அந்த ஜோர்டான்காரனுக்கு மனசு கேட்கவில்லை என்றால் ஒரு சோடி எனக்கு அனுப்பச் சொல், எட்டாம் நம்பர்.

உன் கூட்டாளி