விற்காத மாத்திரைக்கு யார் கூலி கொடுப்பது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கு, முக்கூடல் பக்கம் சின்னதாக ஒரு மருந்துக்கடை வைத்திருக்கும் பார்மசிஸ்ட் எழுதுவது. வணக்கம். மாத்திரை விற்காமல் ஆலோசனை மட்டும் சொன்னாலும் பார்மசிஸ்டுக்கு உங்கள் திட்டத்தில் ஒரு கட்டணம் வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருக்கிறார். எழுபதைத் தாண்டியும் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுகிறவர். சுகருக்குப் பல வருஷமாக மாத்திரை. போன வருஷம் காய்ச்சலென்று ஒரு தனியார் மருத்துவமனையில் நாலு நாள் படுத்திருந்து, புதுச் சீட்டோடு வீட்டுக்கு வந்தார். அந்தச் சீட்டில் சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை இருந்தது. வீட்டில் வேறு கம்பெனியின் கிளிமிபிரைடு ஒன்றரை அட்டை மிச்சம் கிடந்தது. காசு கொடுத்து வாங்கியதைத் தூரப் போட மனசு வருமா? இரண்டையும் சேர்த்தே போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் விடியற்காலம் சுகர் இறங்கி, வியர்த்துக் கொட்டி, புறவாசல் படியில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

ஆபரேஷனுக்குக் கைகொடுத்தது உங்கள் காப்பீட்டு அட்டைதான். அது இல்லையென்றால் அந்த வீடு கடனில் மூழ்கியிருக்கும். அதில் எனக்குக் குறையே இல்லை.

என் குறை என் மேல்தான். அந்தப் புதுச் சீட்டுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான். சாயங்கால நேரம், கடை முன்னால் ஆறு பேர். "வீட்டில கிடக்க பழைய மாத்திரையையும் ஒருதரம் கொண்டாங்க ஆச்சி" என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது ஆச்சி என்னைத் திட்டக்கூட இல்லை. "ஏய்யா, ரெண்டும் ஒண்ணுன்னா ஏன் கலரு வேற வேறயா இருக்கு?" என்றுதான் கேட்டார். இன்றுவரை அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்குச் சில்லறைக் கடைக்காரரின் லாபம் 16 சதவீதம் என்று மத்திய அரசின் 2013 ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கிறது. ஒரு அட்டை மெட்ஃபார்மின் 500 என்ற சுகர் மாத்திரை விற்றால் எனக்கு நிற்பது இரண்டு மூன்று ரூபாய். பெரிய கடைகள் தள்ளுபடி கொடுக்கிறபோது அதிலும் பாதி போய்விடும். ஆகவே விற்றால்தான் கூலி. "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லி ஓர் அட்டையைத் திரும்ப உள்ளே வைத்தால், நேரமும் போச்சு, வியாபாரமும் போச்சு. மூட்டுவலிக்குத் தினமும் டைக்ளோஃபினாக் போடுகிற பிரஷர்காரரிடம், கிட்னி கெட்டுப்போகும் என்று பத்து நிமிஷம் எடுத்துச் சொல்கிறேன் என்று வையுங்கள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நாலு கடை தள்ளிப்போய் வாங்கிக்கொள்வார். பிறகு டயாலிசிஸுக்கு உங்கள் அட்டையோடு போய் நிற்பார். டயாலிசிஸ் உங்கள் பட்டியலில் இருக்கிறது. என்னுடைய பத்து நிமிஷம் இல்லை.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2015 ஆம் ஆண்டு மருந்தாளுநர் பணி விதிமுறைகள், மருந்து கொடுக்கும்போது நோயாளிக்கு ஆலோசனை சொல்வது பதிவுபெற்ற பார்மசிஸ்டின் வேலை என்றே சொல்கின்றன. வேலையைச் சொன்ன விதி, கூலியைச் சொல்லவில்லை.

சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். இன்சுலினை ஃப்ரீசரில் வைத்துக் கெடுக்கிறவர்கள் உண்டு. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அலமாரி மேலேயே வைத்துவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு, ஈரமண் பானையில் எப்படி வைப்பது என்று காட்டித்தர வேண்டியிருக்கிறது. இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்திவிட்டு மூச்சை இழுக்காமல் விடுகிறார்கள். இதெல்லாம் கவுன்டருக்கு வெளியே உட்காரவைத்துச் செய்துகாட்ட வேண்டிய வேலை.

வெளிநாடுகளில் இதற்குக் காசு கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டின் பெயர் மெடி-கால். பார்மசிஸ்ட் செய்யும் குறிப்பிட்ட சேவைகளுக்கு மருத்துவருக்குரிய கட்டணத்தில் 85 சதவீதம் கொடுக்க 2016 இல் அங்கே சட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவில் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பார்மசிஸ்ட் வீட்டுக்கே போய், டப்பாவில் கிடக்கும் எல்லா மருந்தையும் கொட்டிப் பார்த்து, மருத்துவருக்கு அறிக்கை தருவார். கூலி அரசாங்கத்துடையது. 2001 முதல் நடக்கிறது. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் ஏழு சின்ன நோய்களுக்குப் பார்மசிஸ்டே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்கலாம். தொடங்கியபோது ஓர் ஆலோசனைக்கு 15 பவுண்டு கொடுத்தார்கள். அந்தக் கடைசி ஏற்பாடு நமக்கு வேண்டாம். இங்கே ஆன்டிபயாட்டிக் ஏற்கெனவே மிட்டாய் மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாக்காரர் வழி.

சரி, எங்கள் பக்கத்துக் குப்பையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்களே சொல்வீர்கள். சுவரில் ஒருவர் சர்டிஃபிகேட், கவுன்டரில் பத்தாம் வகுப்புப் பையன். சர்டிஃபிகேட்டை மாத வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கடைக்கு நீங்கள் ஒரு பைசா கொடுக்கக் கூடாது. பார்மசிஸ்ட் நேரில் இருந்தார், நோயாளியும் இருந்தார் என்பதற்கு இருவர் கைரேகையும் விழுந்தால்தான் பணம் என்று வையுங்கள். அப்படி வைத்தால், ஆளையே கடையில் உட்காரவைத்தால்தான் லாபம் என்று முதலாளிகளுக்கும் உறைக்கும். ஆறு வருஷம் ஃபார்ம் டி என்ற மருந்தாளுநர் பட்டம் படித்துவிட்டு மருந்து கம்பெனிக்குப் பை தூக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலையும் கிடைக்கும்.

பெரிதாக ஆரம்பிக்கச் சொல்லவில்லை. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், நாங்குநேரி வட்டாரங்கள் போதும். உங்கள் அட்டையில் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவர், ஐந்துக்கு மேல் மருந்து எழுதப்பட்டவர், இவர்களுக்கு மட்டும். ஒரு வாரத்துக்குள் பழைய மருந்து, புது மருந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு கட்டணம், மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை. வருஷத்துக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. மருந்து வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதே கட்டணம்; முக்கியமான நிபந்தனை இதுதான். மாற்றம் எதுவும் நான் செய்ய மாட்டேன். எழுதி மருத்துவருக்கு அனுப்புவேன், முடிவு அவருடையது. அவர் நாற்காலியில் எனக்குக் கண் இல்லை.

ஆச்சி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். மாதம் ஒருமுறை பேத்தி கையில் மஞ்சப்பையைக் கொடுத்துவிடுகிறார். நான் கொட்டி, பிரித்து, காலைக்கு ஒரு கவர், ராத்திரிக்கு ஒரு கவர் என்று போட்டு அனுப்புகிறேன். அது எங்களுக்குள் உள்ள கடன், அதற்கு நீங்கள் தர வேண்டாம். ஆனால் தெருவில் இன்னும் எத்தனையோ மஞ்சப்பை இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு யாராவது ஓர் அதிகாரி என் கடைக்கு வந்து, கவுன்டருக்கு இந்தப் பக்கம் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். ஸ்டூல் ஒன்று இருக்கிறது, உட்கார நேரம் கிடைக்காது.