பாட்டைக் கேட்காமல் படத்தை மட்டும் வாங்கி வராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், மேற்கு வங்கத்தின் நயா கிராமத்தில் சுருள் ஓவியம் வரைந்து அதன் கதையைப் பாடும் பட்டுவாக்கள் ஆண்டுதோறும் நவம்பரில் நடத்தும் ‘பட் மாயா’ விழாவைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படங்கள் அருமையாக அச்சாகியிருந்தன. சங்குப்பூவிலிருந்து நீலம், மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறம், விளக்குக்கரியிலிருந்து கறுப்பு, வண்ணம் ஒட்டுவதற்கு வில்வப்பழப் பிசின் என்று எல்லாம் சரியாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தக் கடிதம் எழுதக் காரணம் அதுதான்.

நான் நாகப்பட்டினத்தில் பிறந்தவள். கரக்பூரில் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டேன். பாலிசக் வரை லோக்கல் ரயில், அங்கிருந்து பிங்ளா பக்கம் போகும் வண்டி, அவ்வளவுதான் நயா. விழா தொடங்கிய 2010-க்கு முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்களுடன் எனக்குப் பழக்கம் உண்டு.

அவர்கள் வரைவது சுவரில் மாட்டும் படம் அல்ல. காகிதத் துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, கிழியாமல் இருக்கப் பின்புறம் பழைய சேலைத் துணியை ஒட்டி, ஆள் உயரத்தையும் தாண்டும் நீண்ட சுருளாக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டமாகப் பிரித்து, விரலால் சுட்டிக்காட்டியபடி கதையைப் பாடுகிறார்கள். பாட்டின் ஓட்டத்துக்கு ஏற்பச் சுருள் இறங்குகிறது. யமன் சபையில் பாவிகள் தண்டனை பெறும் கட்டம் வந்து, முன்வரிசைக் குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டால், பாடுகிறவர் வேண்டுமென்றே அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகர்வார்!

மீன் கல்யாணச் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிப் போகிறவர்களுக்கு மிகவும் பிடித்தது அதுதான். பார்த்தால் மீன்கள் கூடி நிற்கும் கொண்டாட்டம் போல இருக்கும். பாட்டைக் கேட்டால்தான் எந்த மீனுக்குக் கல்யாண வீட்டில் என்ன வேலை என்பது தெரியும். அழைப்பு கிடைக்காத பெரிய வாளை மீன் கோபத்தோடு வந்து எல்லோரையும் விழுங்கிவிடுவதும் புரியும். சிறியவர்களைப் பெரியவர்கள் விழுங்கும் கதை அது. அதை வரவேற்பறைக்கு ஏற்ற ‘கலர்ஃபுல்’ படம் என்று எண்ணி மாட்டி வைத்திருப்பவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டின் கடைசி அடிகளில் பாடுகிறவர் தம் பெயரையும் ஊரையும் சேர்த்துப் பாடி முடிப்பார். நம் பழைய பதிகங்களில் கடைசிப் பாட்டில் பாடியவர் பெயர் வருமே, அந்த வழக்கம்தான். முதல் இரண்டு கட்டங்களைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறவர், அந்தப் பெயர் வரும் இடம்வரை நிற்பதே இல்லை. சென்ற விழாவில் ஓர் அம்மாள், கணவனின் உயிரை மீட்கப் போகும் பெகுலாவின் கதையைப் பாடிக்கொண்டிருந்தார். இறந்த கணவனோடு வாழைத்தண்டுத் தெப்பத்தில் பெகுலா ஏறும் இடம். அப்போது ஒருவர் குறுக்கே வந்து, ‘இது என்ன விலை, குறைத்துத் தருவீர்களா?’ என்று கேட்டார். பாட்டு நின்றது. அந்த அம்மாள் விலையைச் சொன்னார், விற்றார், சுருட்டிக் கொடுத்தார். பெகுலா பாதி ஆற்றிலேயே நின்றுவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

சுனாமிச் சுருளைப் பற்றி நான் எழுதாமல் இருக்க முடியாது. 2004 டிசம்பருக்குப் பிறகு நயாவில் அதையும் வரைந்து பாடினார்கள். கடல் ஒரு பெரிய அரக்கி முகமாக வாய்பிளந்து நிற்கும். அலைகளில் மனிதர்களும் மரங்களும் மிதப்பார்கள். கடலைத் தாய் என்று சொல்லும் ஊரில் வளர்ந்தவளுக்கு அந்த முகத்தைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. பாடியவரிடம் அதைச் சொன்னேன், நான் எந்த ஊர்க்காரி என்பதையும் சொன்னேன். அவர் வாதாடவில்லை. சுருளை மறுபடி மேலே சுற்றிக்கொண்டு, முதலிலிருந்து இன்னும் மெதுவாகப் பாடினார். எங்கள் கரையில் மாண்டவர்களுக்காக, எங்கள் மொழி தெரியாத ஒருவர் ஒப்பாரி வைத்தார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். படத்தை மட்டும் பார்த்திருந்தால் நான் அந்தக் கோபத்தோடேயே திரும்பியிருப்பேன்.

சித்ரகர் என்ற பொதுப் பெயர் கொண்ட இந்தப் பட்டுவாக்கள் இஸ்லாமியர்கள், பாடுவது பாம்புத் தெய்வமான மனசா தேவியையும் ராமனையும் என்ற செய்தியைக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். அதில் எனக்குக் குறையில்லை. முன்பு ஆண்கள்தான் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பாடி அரிசி வாங்கி வந்தார்கள். இன்று வரைவதிலும் பாடுவதிலும் பெண்கள் முன்னால் நிற்கிறார்கள். பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த மூத்தவர் துக்குஷ்யாம் சித்ரகரின் பெயர் கட்டுரையில் வந்திருக்க வேண்டும்.

2018-இல் வங்கப் பட்டச்சித்திரம் எனப்படும் இந்த ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் விழாவில் குடை, கெட்டில், டி-சர்ட் ஆகியவற்றின் மேல் வரைந்தவை வேகமாக விற்கின்றன. அவற்றை விற்கப் பாட்டு தேவையில்லை. அந்த வருமானத்தைக் குறைசொல்ல எனக்கு உரிமையும் இல்லை; பிள்ளைகளின் பள்ளிச் செலவு அதில்தான் நடக்கிறது. ஆனால் எனக்குப் பழக்கமான வீடுகளில் இளையவர்களின் கை நன்றாக ஓடுகிறது, பாட்டோ இரண்டு மூன்றோடு நின்றுவிடுகிறது. கேட்க ஆள் உட்கார்ந்தால் அவர்களும் கற்பார்கள்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவுக்கு முன், பாட்டைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். ஒரு பாட்டையாவது முழுமையாகத் தமிழில் பெயர்த்து, பாடியவர் பெயரோடு போடுங்கள். சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வரும் வாசகர்கள் கரக்பூரில் இறங்கினால் போதும். போகிறவர்கள் ஒரு சுருளையாவது தொடக்கத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்கட்டும். வாங்காவிட்டாலும் பாட்டுக்கென்று பணம் கொடுக்கட்டும். அதை அவர்கள் பிச்சையாக நினைப்பதில்லை, காலங்காலமாகப் பாட்டுக்குக் கிடைத்து வந்த கூலி அது. விலை பேசுவதைப் பாட்டு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கரக்பூர்