அந்த ஆயிரம் பொற்கொல்லர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சரித்திரப் படங்களில் வரும் பழிவாங்கும் காட்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரசிகர்களின் கைதட்டல் அவர்களுடைய கோபத்துக்கு ஒரு வடிகால், அதனால் தீங்கில்லை என்று அதில் இருந்தது. என்னால் அதை ஏற்க முடியவில்லை.

'பாகுபலி' இரண்டாம் பாகத்தின் (2017) அரசவைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். கோயிலில் பெண்களைச் சீண்டிய சேனாதிபதியின் விரல்களைத் தேவசேனா வெட்டிவிடுகிறாள். விஷயம் சபைக்கு வருகிறது. வெட்ட வேண்டியது விரலை அல்ல, தலையை என்று சொல்லி, பாகுபலி அங்கேயே அவன் தலையைச் சீவிவிடுகிறான். தியேட்டர்கள் அதிர்ந்தன. தேவசேனாவின் கோபம் நியாயமானது, சரி. ஆனால் வாள் இறங்குவதற்குள் அவன் செய்ததைக் கேமரா நமக்குக் காட்டிவிடுகிறது. அதனால்தான் விசாரணை இல்லாதது நம்மை உறுத்துவதில்லை. தெருவில் கூடும் கூட்டத்துக்கு அப்படி ஒரு கேமரா கிடையாது, யாரோ சொன்ன கதை மட்டும்தான் உண்டு.

அந்தக் கதை எப்படி ஆளைக் கொல்லும் என்பதைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைவிட நுணுக்கமாக எழுதியவர்களை நான் படித்ததில்லை. அரசியின் சிலம்பைத் திருடியவன் என்று பொற்கொல்லன் பொய்யாகக் காட்டிய கோவலனைப் பாண்டியனின் காவலர்கள் நேரில் பார்க்கிறார்கள். 'கொலைப்படு மகன் அலன்', அதாவது கொல்லப்பட வேண்டியவன் இவன் அல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். அதோடு விட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். பொற்கொல்லன் விடவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்கள் கைக்கொள்ளும் எட்டு வழிகளை அடுக்குகிறான், ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்கிறான். அதைக் கேட்ட காவலர்களில் இளைஞன் ஒருவன், முன்பு ஒரு திருடன் தன் உறையிலிருந்த வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையைச் சொல்கிறான். இப்போது என்ன செய்யலாம் என்று கேட்கிறான். யாரும் பதில் சொல்வதற்குள் 'கல்லாக் களிமகன்', அதாவது படிக்காத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கோவலனிடம் அவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் நடந்தது இதேதான். குழந்தை கடத்தும் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம். குலதெய்வக் கோயிலுக்குப் போக சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம் வழியில் நின்றது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மாவைக் கூட்டம் அடித்தே கொன்றது. அடித்தவர்கள் அத்தனை பேரும் தாங்கள் நியாயம் செய்வதாகத்தான் நம்பியிருப்பார்கள்.

நம் மனதில் நிற்பது வழக்குரை காதைதான். 1942-ல் 'கண்ணகி', 1964-ல் 'பூம்புகார்' என்று அந்தக் கதை திரைக்கும் வந்தது. கண்ணகி அரசனிடம் ஆதாரத்தோடுதான் போகிறாள். சிலம்பு உடைகிறது, முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது, அரசன் தன் தவற்றை ஒப்புக்கொண்டு உயிர் விடுகிறான். அப்புறம் மதுரை எரிகிறது. அந்தச் சினத்திலும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்லித் தீயை அனுப்புகிறாள். எல்லாம் சரி. அதற்கடுத்து வஞ்சிக் காண்டத்தில் நீர்ப்படைக் காதை ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுப் போகிறது: கொற்கையிலிருந்த பாண்டியர் குலத்து வெற்றிவேற் செழியன், பத்தினியான கண்ணகிக்கு உயிர்ப்பலியாக ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்றான். பொய் சொன்னவன் ஒருவன். இந்த ஆயிரம் பேர் செய்த குற்றம் அவனுடைய தொழிலைச் செய்தது மட்டும்தான். அவர்களில் ஒருவருக்குக்கூடக் காப்பியத்தில் பெயரில்லை. படிக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. பள்ளியிலும் பட்டிமன்றத்திலும் இந்த வரிகளைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கோடிக்கணக்கில் செலவழித்துக் கோட்டையும் கொடியும் போடும் இயக்குநர்களை நான் கேட்பது இதைத்தான். பழிவாங்கும் கதையை எடுங்கள், ஆனால் கொற்கையின் பொற்கொல்லர் தெருவில் அந்தப் பகல் எப்படிக் கழிந்தது என்பதையும் எடுங்கள். பட்டறையிலிருந்து இழுத்துச் செல்லப்படுபவனுக்கு ஒரு பெயர் கொடுங்கள், அவன் வீட்டாரைக் காட்டுங்கள். அந்த இடத்தில் தியேட்டரில் எத்தனை பேர் கைதட்டுகிறார்கள் என்று பார்ப்போம். தங்கள் இதழும் இந்தப் பகுதியைப் பற்றித் தமிழறிஞர் ஒருவரிடம் விரிவான கட்டுரை வாங்கி வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கும்பகோணம்