சிலம்பச் சங்கங்களின் சண்டை எங்கள் தீவுக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது, 2024 ஜனவரியில் அங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாக ஆடினார்கள் என்ற செய்திகளையெல்லாம் மொரீசியஸில் இருக்கும் நாங்களும் படித்தோம், சந்தோஷப்பட்டோம், வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். ஆனால் அந்தச் செய்திகளின் பின்னாலேயே ஒரு சண்டையும் வந்து சேர்கிறது. எங்கள் சங்கம்தான் உண்மையான உலகச் சங்கம், மற்றதெல்லாம் போலி, அவர்கள் கொடுத்த சான்றிதழ் செல்லாது என்று ஒவ்வொருவரும் சொல்லும் சண்டை. உங்கள் ஊருக்குள் இருந்தவரை அதில் நாங்கள் தலையிட நியாயமில்லை. இப்போது அது கடல் தாண்டி எங்கள் பிள்ளைகளிடம் வந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ரோஸ்ஹில் பக்கம் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். இங்கே தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழ் என்பது வாரத்தில் சில வகுப்புகளும் கோயிலும்தான். பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களாகப் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வந்தவர்களும், 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் சேர்ந்த கூட்டம் நாங்கள், இத்தனை தலைமுறைக்குப் பிறகும் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கிறோம், வருஷப்பிறப்பு கொண்டாடுகிறோம், பேச்சுத் தமிழ்தான் வாயிலிருந்து போய்விட்டது. அப்படிப்பட்ட பிள்ளை கையில் கம்பைப் பிடித்துக்கொண்டு காலடி, வீச்சு, வெட்டு, குத்து, தடுப்பு என்று ஆசான் சொல்லச் சொல்லச் செய்யும்போது, நான் பலகையில் எழுதி எழுதி ஏற்ற முடியாத தமிழ் அதன் உடம்பில் ஏறுகிறது. வகுப்பில் வாயே திறக்காத பையன்கள் கோயில் கூடத்தில் "இடது காலை முன்னால வை" என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதனால் சிலம்ப வகுப்பு என்பது எனக்கு வெறும் விளையாட்டு வகுப்பு கிடையாது.

முதலில் ஒரு வகுப்புதான் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு ஆசான் தொடங்கி வைத்துவிட்டுப் போனார், உள்ளூர்ப் பையன்கள் தொடர்ந்து நடத்தினார்கள். அப்புறம் இன்னொரு சங்கத்தின் ஆசான் வந்தார். நல்ல கலைஞர், அவர் கம்பு வீசினால் காற்று கிழிகிற சத்தம் வரும், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. வந்ததும் முதல் வேலையாக, முன்பு கற்றது எல்லாமே தப்பு, பழைய சான்றிதழைத் தூக்கி எறியுங்கள், எங்கள் சங்கத்தில் புதிதாகப் பதிவு செய்யுங்கள் என்றார். அவர்கள் விட்டுவிடுவார்களா? பழைய சங்கத்துக்காரர்கள் போனில் கூப்பிட்டு, அங்கே போகிற பிள்ளைகளுக்கு இனி எங்கள் போட்டியில் இடமில்லை என்றார்கள். கூடம் இரண்டானது. அண்ணன் ஒரு வகுப்பில், தம்பி இன்னொன்றில் என்று ஒரு குடும்பமே பிரிந்து நின்றது. காவடி ஊர்வலத்தில் கம்பு சுற்றிக்கொண்டு முன்னால் போக வேண்டிய பிள்ளைகள், யார் முதலில் போவது என்று பெரியவர்கள் தகராறு செய்ததால் அந்த வருஷம் கம்பையே எடுக்கவில்லை. முருகன் சன்னிதிக்கு முன்னால் கூட விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

இன்னொன்று இதைவிட மோசம். இங்கிருந்து சில பிள்ளைகள், பெற்றோர் கடன் வாங்கிக் கட்டிய விமானச் செலவில், தமிழ்நாட்டில் சர்வதேசப் போட்டி என்று அறிவித்த ஒன்றுக்குப் போனார்கள். உங்கள் அடையாள அட்டை வேறு சங்கத்துடையது, இங்கே மறுபடி பணம் கட்டிப் பதிவு செய்தால்தான் களத்தில் இறங்கலாம் என்று வாசலில் சொன்னார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி திரும்பி வந்து என்னிடம் கேட்டாள், நான் ஆடுவதைப் பார்க்காமலேயே எப்படி டீச்சர் நான் சரியில்லை என்று சொன்னார்கள் என்று. எந்தச் சங்கம் என்று பெயர் போட எனக்கு விருப்பமில்லை, இன்று இவர்கள் செய்ததை நாளை அடுத்தவர்களும் செய்யக்கூடியவர்கள்தான்.

சிலம்பக்காரர்கள் கருத்து வேறுபாடே இல்லாமல் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேறுபாடு இருந்தால்தான் கலை உயிரோடு இருக்கும். நாகம் பதினாறு, துளுக்காணம், குறவஞ்சி, கள்ளப்பத்து என்று இத்தனை வகைகள் வந்ததே ஊருக்கு ஊர் ஆசான்கள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பு நெற்றி வரை இருக்க வேண்டுமா, புருவம் வரை போதுமா, மூங்கிலா பிரம்பா, இதையெல்லாம் நாள் முழுக்கப் பேசலாம், பேசவும் வேண்டும். இதில் எனக்குப் பெரியதாகப் படுவது தனியாகக் கம்பு சுற்றிக் காட்டும் தனித்திறமை வீச்சுக்கும், எதிராளியைக் கம்பு நுனியால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைக்கும் நடுவில் உள்ள சண்டை. ஒரு பக்கத்தார், வேகமாகச் சுற்றுவது அலங்காரம்தான், எதிரில் ஆள் நின்றால் பாதிப் பேர் காலடியை மறந்துவிடுவார்கள் என்கிறார்கள். மறுபக்கத்தார், புள்ளிக்காக நுனியால் தொட்டுவிட்டு ஓடுவது சிலம்பமா, வீச்சில் உள்ள அழகும் உடம்புப் பழக்கமும் இல்லாமல் அடி எங்கிருந்து வரும் என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. என்னைக் கேட்டால் எதிராளி இல்லாமல் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருப்பது பிள்ளைகளுக்குப் பொய்யான தைரியத்தைத் தருகிறது, எனவே தொடுமுறையைச் சீக்கிரமே ஆரம்பிக்க வேண்டும், தலைக்கவசம் போட்டுத்தான். இதை ஏற்காத ஆசான்கள் இருப்பார்கள், இருக்கட்டும்.

அந்த மாதிரிச் சண்டையைத் தீர்க்க இந்தக் கலையிலேயே வழி இருக்கிறது. கம்பு நுனியில் மை தடவி, ஆடி முடித்ததும் யார் உடம்பில் எத்தனை பொட்டு என்று எண்ணிப் பார்ப்பது பழைய வழக்கம். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே இறங்குகிறவனிடம் யாரும் அடையாள அட்டை கேட்கமாட்டார்கள், பொட்டு விழுந்ததா இல்லையா என்பதை ஊரே பார்க்கும். இன்றைக்குச் சங்கங்கள் மோதுவது காலடியைப் பற்றியா, வீச்சைப் பற்றியா? பதிவுக் கட்டணம், பெயர், லோகோ, யார் கையெழுத்து அரசாங்கத்தில் செல்லும், இதைப் பற்றித்தான். வேலை ஒதுக்கீடு வந்த பிறகு இது கூடியிருக்கிறது என்று அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், நம்ப முடிகிறது.

எது மூத்த கலை என்ற வாதமும் அப்படித்தான், எனக்குச் சலித்துவிட்டது. ஒருவர் 5000 வருஷம் என்பார், அடுத்தவர் அதைவிடக் கூட்டிச் சொல்வார், சான்று கேட்டால் அகத்தியரைக் காட்டுவார்கள். கன்னியாகுமரிப் பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறை தமிழர்களுடையதா, கேரளத் தெற்கன் களரியா என்று இளைஞர்கள் இணையத்தில் திட்டிக்கொள்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, எல்லைக்கோடு இடம் மாறியது, அங்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆசான் அதே வீட்டில்தானே இருந்தார்?

கொரியத் தற்காப்புக் கலையான தேக்வாண்டோவில் நடந்ததைச் சங்கத்தார் கொஞ்சம் பார்க்கட்டும். தென்கொரிய ராணுவ ஜெனரலாக இருந்த சோய் ஹாங் ஹி 1966-ல் ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு தொடங்கினார், அரசோடு முரண்பட்டு 1972-ல் கனடாவுக்குப் போனார், அடுத்த வருஷமே தென்கொரியாவில் இன்னொரு உலகக் கூட்டமைப்பு உருவானது. நடுவில் வடகொரியா, தென்கொரியா அரசியல் வேறு. தென்கொரியாவில் தொடங்கியது 2000-ல் சிட்னியில் ஒலிம்பிக் பதக்க விளையாட்டானது, சோய் அமைப்பின் மாணவர்கள் எவ்வளவு திறமை இருந்தாலும் வெளியே நின்றார்கள். சோய் இறந்த பிறகு அவருடைய அமைப்பே துண்டு துண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் நான்தான் அசல் என்றது. கடைசியில் 2014-ல் சீனாவின் நான்ஜிங்கில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து, ஒருவர் வீரர்கள் மற்றவர் போட்டியில் ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. போர் நின்று சமாதான உடன்படிக்கைகூட இல்லாத இரண்டு நாட்டுக்காரர்களால் அது முடிந்திருக்கிறது. மதுரையும் சென்னையும் கன்னியாகுமரியும் அவ்வளவு தூரத்திலா இருக்கின்றன?

எங்கள் தீவில் மொத்த ஜனத்தொகையே பன்னிரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், அதில் தமிழர்கள் சிறு பகுதி, சிலம்பம் கற்கிற பிள்ளைகள் அதிலும் சிறு பகுதி. இரண்டாகப் பிரிந்தால் எதிரில் நின்று ஆட ஆளே கிடைக்காது. பெற்றோருக்குப் பிள்ளையைச் சேர்க்க வேறு நல்ல இடங்களும் உண்டு. மொரீசியஸ் இதுவரை வாங்கிய ஒரே ஒலிம்பிக் பதக்கம் குத்துச்சண்டையில்தான், 2008 பெய்ஜிங்கில் புரூனோ ஜூலி வாங்கிய வெண்கலம், அதனால் குத்துச்சண்டைக்கு இங்கே ஒரு தனி மரியாதை இருக்கிறது. ஜூடோ இருக்கிறது, கராத்தே இருக்கிறது. சங்கத் தகராறு சகிக்காமல் அங்கே போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை, அவர்களோடு அந்தத் தமிழும் போய்விட்டது. 1998-ல் எங்கள் நாட்டுப் புது ரூபாய் நோட்டில் இந்திக்குக் கீழே தமிழைத் தள்ளியபோது இங்குள்ள தமிழர்கள் ஒன்றாக எதிர்த்து நின்றார்கள், கடைசியில் அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. அப்படி நின்ற சமூகம் ஒரு கூடத்துச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று இன்று சண்டை போடுவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

இங்குள்ள சில பெற்றோர்களும் நானும் சேர்ந்து இரண்டு வகுப்புப் பையன்களையும் பேச வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி ஒரே கூடத்தில் பழகுகிறார்கள், தங்கள் தங்கள் முறையிலேயே, தொடுமுறை மட்டும் சேர்ந்து. அடுத்த முறை தமிழ்நாட்டுப் போட்டிக்கு ஒரே அணியாகத்தான் வருவார்கள். எங்கள் ஆசான் யார், சான்றிதழில் யார் முத்திரை என்று கேட்காமல், வயதும் எடையும் மட்டும் பார்த்துக் களத்தில் இறக்கத் தயாராக இருக்கும் சங்கம் எதுவானாலும் உங்கள் பத்திரிகையில் அறிவிக்கட்டும், அந்தப் போட்டிக்கு நாங்கள் வருகிறோம். பிரித்துத்தான் ஏற்போம் என்பவர்கள் எங்களுக்கு அழைப்பு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
ரோஸ்ஹில், மொரீசியஸ்.